பெனின்சுலா பிளாசாவில் ஒரு கிண்ணம் மொய்ங்கா

2013-ல் சிங்கப்பூர் போன புதிதில் ஒரு வீட்டில் நாங்கள் ஐந்து பேர் இருந்தோம். தஞ்சாவூர், மன்னார்குடி, புதுக்கோட்டை, சிதம்பரம், அப்புறம் வியாசர்பாடியிலிருந்து நான். ஞாயிறு காலையில் தேக்கா மார்க்கெட்டுக்குப் போய் மீனும் காய்கறியும் வாங்கி வருவோம், வாரத்துக்கு ஒருத்தர் முறை வைத்துச் சமைப்போம். சாப்பிட உட்கார்ந்தால் பேச்சு எங்கே சுற்றினாலும் ஊர்ச் சாப்பாட்டில்தான் போய் நிற்கும். மன்னார்குடிக்காரர் அவருடைய அம்மா வைக்கும் கருவாட்டுக் குழம்பைப் பற்றி ஆரம்பித்தால் கை காயும் வரை நிறுத்த மாட்டார். ஒருநாள் என் பக்கம் திரும்பி, "உங்க வீட்டுல என்ன தம்பி விசேஷம்?" என்று கேட்டார். யோசிக்காமல் சொல்லிவிட்டேன்: "மொய்ங்கா, அத்தோ."

மொய்ங்கா என்றால் மீன் குழம்பு ஊற்றிய அரிசி நூடுல்ஸ், அத்தோ என்றால் கையால் பிரட்டிய நூடுல்ஸ், இரண்டும் பர்மாச் சாப்பாடு என்று விளக்கினேன். ஐந்து நிமிடம் சிரித்தார்கள். தஞ்சாவூர்க்காரன், "நூடுல்ஸைப் போய் ஊர் சாப்பாடுங்கற, நீ நிஜமாவே தமிழ்நாடுதானா?" என்றான். வேடிக்கையாகத்தான் கேட்டான். ஆனால் எனக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. சிராங்கூன் சாலையில் முருங்கைக்காய் முதல் வாழையிலை வரை எல்லாம் கிடைக்கிறது. ஊர் ஏக்கம் நாக்கில் எட்டிப் பார்ப்பதற்குள் ஒரு தட்டு இட்லி அதை அமுக்கிவிடும். அவர்கள் நால்வருக்கும் ஊர் இரண்டு எம்ஆர்டி ரயில் நிறுத்தம் தள்ளி இருந்தது. எனக்கு வேண்டியது மட்டும் தேக்காவில் இல்லை.

இதைப் புரிய வைக்க எங்கள் ஆயாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஆயா, அதாவது அம்மாவைப் பெற்றவர், 1938-ல் பியாப்போனில் பிறந்தவர். பர்மாவில் ஐராவதி ஆறு கடலில் போய்ச் சேரும் கழிமுகத்தில் இருக்கிற ஊர் அது, நெல்லும் மீனும் விளைகிற பூமி. சிவகங்கைப் பக்கத்திலிருந்து ஆயாவின் அப்பா அங்கே போனது ஒரு செட்டியார் வட்டிக்கடைக்குச் சமையல்காரராக. அந்தக் காலத்தில் பர்மாவுக்குக் கடை வைக்கப் போன செட்டியார்கள் கணக்கு பார்க்கிற மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று ஆள் கூட்டிப் போனதோடு, கூடவே ஊரிலிருந்து ஒரு சமையல்காரரையும் கூட்டிக்கொண்டு போவார்கள். கடல் தாண்டிப் போய் வட்டி வசூலித்தாலும் சாப்பாடு காரைக்குடிச் சாப்பாடாகவே இருக்க வேண்டும் அவர்களுக்கு. 1937 வரை பர்மா பிரிட்டிஷ் இந்தியாவோடு சேர்ந்தே இருந்ததால் ரங்கூனுக்குப் போவதை வெளிநாடு போவதாகவே யாரும் நினைக்கவில்லை. 1931 கணக்கெடுப்பில் ரங்கூன் நகர மக்களில் பாதிக்கும் மேல் இந்தியர்கள்.

ஆயாவின் அம்மா கடைசி வரை பர்மியச் சாப்பாட்டைத் தொட்டதில்லையாம். மதராஸ் கப்பலில் யாராவது வந்தால் சுண்டவற்றலும் புளியும் கொண்டுவரச் சொல்லி விடுவாராம். பியாப்போனில் உட்கார்ந்துகொண்டு வெள்ளைப் பணியாரத்துக்கு ஏற்ற பச்சரிசி இங்கே கிடைக்கவில்லை என்று புலம்புவாராம். ஆயாவுக்கு அந்தப் புலம்பல் புரிந்ததே இல்லை. அவர் பார்த்தே இராத ஊரின் பணியாரம் அது. தெருமுனையில் ஒரு பர்மாக்காரம்மா விடியற்காலையில் கூடையை இறக்கி மொய்ங்கா விற்பார், ஆயாவுக்கு அதுதான் காலைப் பலகாரம். எத்தனையோ பர்மியர்களுக்கும் அதேதான்.

நடுவில் போர் வந்தது. 1941 டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழுந்ததும் லட்சக்கணக்கான இந்தியர்கள் காடு மலை கடந்து நடந்தே இந்தியாவுக்குக் கிளம்பினார்கள், வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். நடக்க முடியாத ஒரு கிழவி வீட்டில் இருந்ததால் எங்கள் குடும்பம் கிளம்பவில்லை. அது தாண்டி இருபது வருஷம் போனது. 1962-ல் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார், 1964-ல் கடைகளை எல்லாம் தேசியமயமாக்கினார்கள், அதே வருஷம் மே மாதம் ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு. தாத்தாவின் மளிகைக்கடையும் போனது, பெட்டியில் இருந்ததும் போனது. அப்போது வெளியேறிய இந்தியர்கள் லட்சத்துக்கும் மேல். 1965-ல் ஆயா ஐந்து வயசு அம்மாவையும் கைக்குழந்தையாக மாமாவையும் தூக்கிக்கொண்டு சென்னைத் துறைமுகத்தில் இறங்கினார். கப்பல் ஏறும் முன் நடந்த சோதனையில் நகை எல்லாம் போய்விட்டது. கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும். மடியில் ஒரு துணி மூட்டை, அதற்குள் கொஞ்சம் ஙாப்பி. அது உப்பு போட்டுப் புளிக்கவைத்த மீன் விழுது. தங்கத்தைப் பறித்தவர்கள் அதை மோந்து பார்த்துவிட்டு விட்டுவிட்டார்களாம். இதை ஆயா சொல்லும்போது சிரிப்பார், நாங்களும் சிரிப்போம்.

முகாமில் கொஞ்ச நாள், பிறகு வியாசர்பாடியில் பர்மாவிலிருந்து வந்தவர்களுக்கென்று உருவான குடியிருப்பில் ஒரு வீடு. தாயகம் திரும்பியோர் என்று அரசாங்கக் காகிதத்தில் பெயர். ஆயாவுக்கு அந்த வார்த்தையே ஒரு வேடிக்கை. "நான் எங்கடா திரும்பினேன்? இப்பத்தானே வந்தேன்" என்பார். சரிதானே, இருபத்தேழு வயசில்தான் முதல்முறையாக இந்தியாவில் கால் வைக்கிறார்.

ஆயா மொய்ங்கா வைக்கிற நாள் முந்தின சாயங்காலமே தொடங்கிவிடும். கெளுத்தியோ தேளியோ, சேற்று மீனாக வேண்டும். கடல்மீன் உதவாது, காசிமேடு இத்தனை பக்கத்தில் இருந்தும் ஆயா அதைத் தேடிப் போனதில்லை. மீனைச் சாம்பல் தேய்த்துக் கழுவி, மஞ்சளும் சபலினும் போட்டு வேகவைத்து, முள்ளைப் பிரித்துச் சதையை எடுத்து, வெங்காயம், பூண்டு, இஞ்சி, மிளகாய் அரைத்த விழுதோடு எண்ணெயில் வதக்குவார். வேகவைத்த தண்ணீரில் வறுத்த அரிசி மாவைக் கரைத்து ஊற்றிக் கொதிக்க விடுவார். வாழைத்தண்டு தனி வேலை. வட்ட வட்டமாக நறுக்கிக்கொண்டே ஒவ்வொரு வட்டத்துக்கும் வருகிற நாரை ஆள்காட்டி விரலில் சுற்றி எடுப்பார், நறுக்கி முடிக்கும்போது விரலில் பஞ்சு மோதிரம் போல நார் ஏறியிருக்கும். அதை என் மூக்கில் வைத்து விளையாட்டுக் காட்டுவார். நார் ஒன்று தப்பினாலும் குழம்பு நூலாகிவிடும் என்று ஒரு பயம்.

சபலின் என்றால் எலுமிச்சைப் புல். எழுபதுகளில் சென்னைக் காய்கறிக் கடைகளில் அதை யாரும் விற்கவில்லை. யாரோ மணிப்பூர் எல்லையிலிருந்து ஒரு வேரைக் கொண்டுவர, எங்கள் குடியிருப்பில் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் பிரிந்து பிரிந்து போய், கொஞ்ச காலத்தில் தெரு முழுக்கப் பழைய டால்டா டின்னிலும் உடைந்த பக்கெட்டிலும் சபலின். கடைசி வரை அதற்கு எலுமிச்சைப் புல் என்று ஒரு பெயர் உண்டென்று ஆயாவுக்குத் தெரியாது. புளிச்சக்கீரைக்கு அப்படித் திண்டாடவில்லை. பர்மாவில் சிம்பாங் என்று இறால் பொடி போட்டு வதக்குகிற அதே கீரையை இங்கே ஆந்திராக்காரர்கள் கோங்குரா என்று கட்டுக்கட்டாக விற்றார்கள். சந்தையில் முதல்முறை பார்த்தபோது, "இவ யாரு, நம்ம கீரையை வச்சிருக்கா" என்று ஆயா நின்றுவிட்டாராம்.

மொய்ங்காவுக்கு வேண்டிய மெல்லிய அரிசி நூடுல்ஸ் கிடைக்காமல் சேவை நாழியில் புழுங்கலரிசி மாவைப் பிழிந்துகொண்டார். கொண்டுவந்த ஙாப்பி தீர்ந்ததும் சென்னாக்கூனியை வறுத்து இடித்துப் போட்டுப் பார்த்தார். மொத்தத்தில் சேவையில் மீன் குழம்பு. ஆயா ஒவ்வொரு தடவையும் முதல் கரண்டியை வாயில் வைத்து, கொஞ்சம் கண்ணை மூடி, "இல்ல" என்பார். பிறகு இரண்டு கிண்ணம் சாப்பிடுவார். இந்த "இல்ல"வைக் கேட்டுக்கொண்டே வளர்ந்தவன் நான். எதோடு ஒப்பிட்டு இல்லை என்கிறார் என்று எனக்கு எப்படித் தெரியும்?

எங்கள் அப்பா திண்டிவனத்துக்காரர். பர்மா சம்பந்தமே இல்லாதவர். கூனியை வறுத்தால் வீட்டைவிட்டு வெளியே போய்விடுவார், எனவே அப்பாவுக்கு நைட் ஷிஃப்ட் இருக்கிற வாரம்தான் எங்கள் வீட்டில் மொய்ங்கா வாரம். அவரையும் குறை சொல்ல முடியாது. அந்த வாசனையோடு வளராதவருக்கு அது நாற்றம்தான். நான் சிங்கப்பூர் அறைவாசிகளிடம் இதைச் சொன்னபோது அவர்களும் மூக்கைச் சுளித்தார்கள். ஆனால் பெலாச்சான் போட்ட சம்பாலை மட்டும் வாராவாரம் பாட்டிலைக் காலி பண்ணுவார்கள். அதுவும் புளித்த இறால்தானப்பா என்றால், அது வேற என்பார்கள்.

சின்னத் தாத்தா, அதாவது தாத்தாவின் தம்பி, பீச் ஸ்டேஷனுக்கு எதிரில் செகண்ட் லைன் பீச்சில் அத்தோ வண்டி போட்டிருந்தார். 1969-ல் ராஜாஜி சாலையோரம் பர்மா பஜார் வந்தபோது வெளிநாட்டுச் சாமான் விற்கக் கடை கிடைத்தவர்கள் ஒரு பக்கம், கிடைக்காதவர்கள் சாயங்காலம் இப்படித் தள்ளுவண்டி. தோக் என்றால் பர்மிய மொழியில் கையால் பிரட்டிக் கலப்பது, அங்கே இஞ்சி, தக்காளி, ஊறவைத்த தேயிலை என்று எதிலும் தோக் உண்டு. நம்ம ஊருக்கு வந்த ஒரு தோக்தான் அத்தோ. தடித்த ஆரஞ்சு நூடுல்ஸ், பொடியாக அரிந்த முட்டைக்கோஸ், பச்சை வெங்காயம், பூண்டு பொரித்த எண்ணெய், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், நொறுக்கிப் போட்ட பேஜோ, எல்லாம் ஒரு கிண்ணத்தில். சின்னத் தாத்தா கையைவிட்டுப் பிரட்டுவதைப் பார்க்க வேண்டும், அழுத்தவே மாட்டார், கீழிருந்து மேலாக விரல்களால் தூக்கித் தூக்கிப் போடுவார். கூடவே ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப். அந்த சூப்தான் மொய்ங்காவில் மிச்சமானது. மீன் கிடையாது. ஏன் தாத்தா மீன் போடலை என்று கேட்டதற்கு, "துறைமுகத்து ஆளுங்களும் ஆபீஸ் குமாஸ்தாக்களும் வர்ற இடம்டா, ஙாப்பி போட்டா பக்கத்து வண்டிக்காரனே அடிக்க வருவான்" என்றார்.

பேஜோ என்ற பெயரிலும் ஒரு கூத்து இருக்கிறது. பர்மிய மொழியில் பே என்றால் பருப்பு, ஜோ என்றால் பொரித்தது, நம்ம பருப்பு வடைக்கு மெலிந்த தங்கச்சி மாதிரி. இங்கே அவித்த முட்டையைப் பிளந்து, பொரித்த வெங்காயமும் புளித்தண்ணீரும் விட்டுத் தருவதை முட்டை பேஜோ என்கிறார்கள். அதில் பருப்பும் இல்லை, முட்டையைப் பொரிக்கவும் இல்லை. ஆயா இதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார். எனக்கு என்னவோ அந்தத் தப்பு பிடித்திருக்கிறது. இப்போது வடசென்னைப் பையன்களுக்கு அத்தோ அவர்கள் ஊர்ச் சாப்பாடு, அதன் பின்னால் ஒரு கப்பல் இருப்பது பாதிப் பேருக்குத் தெரியாது. கேமராவோடு வருகிறவர்கள் இதைச் சைனீஸ் என்று சொல்லும்போதுதான் கொஞ்சம் கோபம் வரும்.

இதில் செட்டிநாட்டுக்காரர்களை மிஞ்ச முடியாது. கல்யாண வீட்டில் போடுகிற கவுனி அரிசி பர்மாவிலிருந்து வந்தது என்று அவர்களே சொல்வார்கள். பெயரே, ஒட்டும் அரிசிக்குப் பர்மாக்காரர்கள் சொல்லும் கௌக்ஞின் என்பதிலிருந்து வந்ததாம். இன்றைக்கு அது நம் பாரம்பரிய அரிசி என்று கடையில் தனி அலமாரியில் இருக்கிறது. அந்தப் பக்கம் ரங்கூனில் தோசையைத் தோஷே என்று விற்கிறார்கள். ஆயாவின் அம்மாவுக்கு சிவகங்கை, ஆயாவுக்கு பியாப்போன், எனக்கு செகண்ட் லைன் பீச். ஒவ்வொருத்தரும் விட்டுவிட்டு வந்த இடம்தான் நாக்கில் உட்கார்ந்திருக்கிறது, பூர்வீகத்தை நாக்கு கேட்பதே இல்லை. நான் சிவகங்கையை இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன். அந்த ஊர்ப் பணியாரம் நன்றாகத்தான் இருந்தது, அவ்வளவுதான்.

அந்தச் சிரிப்புக்குச் சில வாரங்கள் கழித்து வேலை செய்கிற இடத்தில் ஒரு பர்மியப் பையன் பெனின்சுலா பிளாசாவைப் பற்றிச் சொன்னான். சிட்டி ஹால் எம்ஆர்டிக்குப் பக்கத்தில் இருக்கிற பழைய கட்டடம். வெளியே பார்த்தால் சாதாரண வணிக வளாகம், உள்ளே போனால் மாடி மாடியாக பர்மா. ஞாயிற்றுக்கிழமை வீட்டுவேலைப் பெண்களும் தொழிற்சாலைப் பையன்களும் நெருக்கியடித்து நிற்பார்கள், ஊருக்குப் பணம் அனுப்புவார்கள், பத்திரிகை வாங்குவார்கள், வெற்றிலை போடுவார்கள். கன்னத்தில் தனகா மரப்பட்டையை அரைத்துப் பூசிய பெண்களைப் பார்த்ததும் எனக்கு ஆயாவின் கண்ணாடி பீரோ ஞாபகம் வந்தது. அதில் ஒரு சந்தன நிறக் கட்டையும் சின்னக் கல்லும் இருக்கும். ஒரு கடையில் உட்கார்ந்து மொய்ங்கா கேட்டேன். ஆறு வெள்ளி, அதாவது ஆறு சிங்கப்பூர் டாலர்.

கிண்ணம் மேசைக்கு வரும் முன்பே வாசனை வந்துவிட்டது. ஙாப்பியின் வாசனையை நான் அதற்கு முன் முகர்ந்தவனே இல்லை, ஆயா கொண்டுவந்தது நான் பிறப்பதற்கு வெகு முன்பே தீர்ந்துவிட்டது. ஆனாலும் தெரிந்தது. முதல் கரண்டி. கூனி போட்டதில் இல்லாத ஒரு கனம் இருந்தது, குழம்பு கொழகொழவென்று இறங்கியது, மேலே நொறுக்கிப் போட்டிருந்த பேஜோ நிஜமாகவே பருப்பில் செய்தது. அருமையாகத்தான் இருந்தது. சிக்கல் என்னவென்றால், எனக்கு இது மொய்ங்கா இல்லை. சேவை இல்லாமல், கூனியின் கருகல் வாடை இல்லாமல், என்னால் அதை எங்கள் வீட்டுச் சாப்பாட்டோடு பொருத்தவே முடியவில்லை. என்னையறியாமல் "இல்ல" என்றேன். பிறகு இன்னொரு கிண்ணம் சொன்னேன்.

அம்மாவைப் பற்றி இதுவரை அதிகம் சொல்லவில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் பர்மாக்காரி என்று கேலி செய்ததில் அம்மா அந்த ஊர்ப் பேச்சையே ஒதுக்கிவிட்டார். யார் கேட்டாலும் "வியாசர்பாடி" என்பார். ஆயாவும் அவரும் பர்மிய மொழியில் பேசிக்கொள்வது இரண்டே விஷயத்துக்குத்தான். ஒன்று கடன், இன்னொன்று அப்பா. எங்களுக்குப் புரியக்கூடாத சங்கதிகள். 2007-ல் ஆயா போன பிறகு அந்தப் பேச்சும் நின்றது, மொய்ங்காவும் அநேகமாக நின்றது. "யாரு உக்காந்து நார் எடுக்கறது" என்பார் அம்மா.

2016-ல் அம்மாவைச் சிங்கப்பூருக்கு அழைத்துவந்தேன். செந்தோசா, பறவைப் பூங்கா எல்லாம் காட்டினேன். எதைக் காட்டினாலும் "சுத்தமா வச்சிருக்கான்" என்ற ஒரே பாராட்டு. கடைசி ஞாயிறுக்கு முந்தின ஞாயிறு, எங்கே போகிறோம் என்று சொல்லாமல் பெனின்சுலா பிளாசாவுக்குக் கூட்டிப்போனேன். நகரும் படியில் ஏறும்போதே அம்மா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு அக்கம்பக்கம் பார்க்க ஆரம்பித்தார். கடையில் உட்கார்ந்ததும் பரிமாற வந்த பெண்ணிடம் நான் ஆங்கிலத்தில் ஆரம்பிக்க, அம்மா என்னைக் கையமர்த்திவிட்டு அவளிடம் ஏதோ கேட்டார். அந்தப் பெண் ஒரு நொடி முழித்தாள். புடவை கட்டி, பொட்டு வைத்து, மூக்குத்தி போட்ட அம்மாள் பர்மிய மொழியில் கேட்கிறார் என்று அவளுக்கு உறைக்க அந்த நேரம் பிடித்தது. பிறகு கடகடவென்று பேச ஆரம்பித்தாள். அம்மா தடுமாறினார், பாதி வாக்கியத்தில் நின்று வார்த்தை தேடினார், கையால் காட்டினார், மறுபடி பேசினார். எனக்குப் புரிந்தது ஒன்றே ஒன்று. "தமின் சா பிபிலா" என்று அம்மா அவளைக் கேட்டார். சோறு சாப்பிட்டாச்சா என்று அர்த்தம், நம்மைப் போல அவர்களுக்கும் அதுவே நலம் விசாரிப்பு. ஆயா தினம் வாசலில் போகிறவர் வருகிறவரிடம் எல்லாம் கேட்டது.

கிளம்பும்போது கல்லாவில் இருந்த பெரியம்மா ஏதோ கேட்க, அம்மா "பியாப்போன்" என்றார்.

அந்தப் பெரியம்மா ஒரு பொட்டலம் பேஜோவை அம்மாவின் கைப்பையில் திணித்தார், காசு வாங்க மறுத்துவிட்டார். எம்ஆர்டியில் உட்கார இடம் கிடைத்தது. இரண்டு நிறுத்தம் வரை அம்மா எதுவும் பேசவில்லை. நான் ஏதாவது சொல்வாரா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வாழைத்தண்டு கொஞ்சம் முத்தல்," என்றார். "நாரும் சரியா எடுக்கல. ஆயாவா இருந்தா அப்படியே தூக்கிக் கொட்டியிருக்கும்."

"அப்போ நல்லா இல்லையாம்மா?"

"யாருடா சொன்னது?" என்று பொட்டலத்தைப் பிரித்து ஒரு பேஜோவை உடைத்து வாயில் போட்டுக்கொண்டார். ரயிலில் சாப்பிட்டால் அபராதம் என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. "வர்ற ஞாயித்துக்கிழமை எனக்கு ஃப்ளைட்டு எத்தன மணிக்கு? காலையில ஒரு எட்டு போயிட்டு வரலாமா?"